வானம் பார்த்த தொழில்: ஆர்க்டிக் கேட் இரண்டு முறை நின்ற கதை

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தின் வடமேற்கு மூலையில் தீஃப் ரிவர் ஃபால்ஸ் என்று ஓர் ஊர். மக்கள்தொகை 9,000-ஐத் தொடாது. சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ எலெக்ட்ரானிக்ஸ் உதிரிபாகம் வரவழைப்பவர்கள் பார்சல் மேல் இந்தப் பெயரைப் பார்த்திருக்கலாம். டிஜி-கீ நிறுவனம் இருப்பது இங்கேதான். ஆனால் பனிப் பிரதேசத்துக்காரர்களிடம் இந்த ஊர்ப்பெயரைச் சொன்னால் அவர்களுக்கு நினைவு வருவது ஆர்க்டிக் கேட் என்ற பனிவண்டிக் கம்பெனி. முன்னால் இரண்டு ஸ்கீ (சறுக்குப் பலகை), பின்னால் ஒரு ரப்பர் பட்டை, நடுவில் எஞ்சின் என்று பனிமேல் சீறிப் போகும் ஸ்னோமொபைல். உள்ளூரில் யாரும் அத்தனை நீளமாகச் சொல்வதில்லை, 'ஸ்லெட்' என்று முடித்துக்கொள்வார்கள்.

2024 டிசம்பரில், ஆர்க்டிக் கேட் ஆலையின் அப்போதைய உரிமையாளரான டெக்ஸ்ட்ரான் என்ற அமெரிக்கப் பெருநிறுவனம், 2025-ன் முதல் பாதியில் உற்பத்தியை நிறுத்தி வைக்கப்போவதாக அறிவித்தது. மாதத்தைக் கவனியுங்கள். பனிவண்டிக்கு அது விற்பனைக் காலம். தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது பட்டாசுக் கடைக்காரர் ஷட்டரை இறக்குவது மாதிரி.

இத்தனைக்கும் கையில் இருந்த சரக்கு மட்டமில்லை. 'கேட்டலிஸ்ட்' என்ற பெயரில் 2024 மாடலாக வந்த வண்டி, அடிச்சட்டத்திலிருந்து புதிதாக வரைந்தது. எடை குறைவு, திருப்பினால் சொன்னபடி கேட்கிறது என்று ஓட்டிப் பார்த்தவர்கள் பாராட்டினார்கள். பந்தய வரலாறோ, இந்தத் துறையில் யாரும் குறை சொல்ல முடியாதது. பிறகு ஏன் நின்றது? இதே ஆலை 1981-லும் ஒருமுறை இப்படி விழுந்திருக்கிறது. இரண்டு விழுதலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது இது: இந்தத் தொழிலில் வண்டியைச் சோதிக்கிற பனிக்காலம் வேறு, அதற்குக் காசு வருகிற பனிக்காலம் வேறு. நடுவில் ஒரு கோடை கிடக்கிறது. பந்தயத்தில் வென்ற பெயரைக் கொண்டு அந்தக் கோடையைத் தாண்டலாம். அதற்கு அடுத்த பனிக்காலத்தில் பனி விழவில்லையென்றால் அந்தப் பெயரால் ஒன்றும் ஆகாது.

முதலாளி ஊரில் இல்லாதபோது செய்த வண்டி

கதை தொடங்குவது பக்கத்து ஊரில். கனடா எல்லையை ஒட்டிய ரோசோவில் எட்கர் ஹெட்டீன், அவருடைய தம்பி ஆலன், மைத்துனர் டேவிட் ஜான்சன் மூவரும் பொலாரிஸ் என்ற பெயரில் பண்ணைக் கருவிகள் செய்துவந்தார்கள். எட்கர் வெளியூர் போயிருந்த நேரத்தில் ஜான்சனும் பட்டறை ஆட்களும் சேர்ந்து, கிடைத்த தட்டுமுட்டுச் சாமான்களைக் கொண்டு பனியில் ஓடும் ஒரு வண்டியைக் கட்டிவிட்டார்கள். திரும்பி வந்த எட்கருக்குக் கோபம்; வேலை நேரத்தையும் சாமானையும் வீணடித்திருக்கிறார்களே என்று. ஆனால் ஆட்களுக்குச் சம்பளம் போடக் காசு தேவைப்பட்டது. உள்ளூர் மரக்கடைக்காரர் ஒருவருக்கு 465 டாலருக்கு அந்த வண்டி கைமாறியது. ஆண்டு 1956.

நான்கே ஆண்டில் அதே எட்கர் தலைகீழாக மாறிப்போனார். இந்த வண்டி விளையாட்டுச் சாமான் அல்ல என்று உலகத்துக்குக் காட்ட வேண்டும் என்று, 1960 மார்ச்சில் அலாஸ்காவின் பெத்தலிலிருந்து ஃபேர்பேங்க்ஸ் வரை ஆயிரம் மைலுக்கு மேல் மூன்று வண்டிகளை ஓட்டிப் போனார். ஏறத்தாழ மூன்று வாரப் பயணம். தப்பித்தவறி வண்டி நின்றால் உதவிக்கு ஆள் வராத காடு. பத்திரிகைகளில் செய்தி வந்தது. ஊரில் பணம் போட்டிருந்தவர்களோ, கம்பெனியை விட்டுவிட்டு இவர் உல்லாசப் பயணம் போயிருக்கிறார் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அந்த ஆண்டே எட்கர் பொலாரிஸிலிருந்து விலகினார். தீஃப் ரிவர் ஃபால்ஸ் வந்து புதுக் கடை போட்டார். அதுதான் பிற்பாடு ஆர்க்டிக் கேட்.

ஆக, இந்தத் துறையின் முதல் பெரிய சோதனை ஓட்டம் ஒரு கம்பெனியை இரண்டாக்கியது. இன்றுவரை வடக்கு மின்னசோட்டாவில் ஒரு வீட்டில் ஆர்க்டிக் கேட்டின் பச்சை நிற ஜாக்கெட் தொங்குகிறதா, பொலாரிஸ் ஜாக்கெட் தொங்குகிறதா என்பது சாதாரண விஷயம் இல்லை. நம் ஊரில் சொந்த அண்ணன் தம்பி எதிரெதிர்க் கட்சியில் இருப்பது போல.

பந்தயம் எதைச் சோதிக்கிறது

பந்தயம் என்றால் வேகம் என்று நினைத்துக்கொள்கிறோம். பனிவண்டி விஷயத்தில் அது பாதி உண்மை. மீதிப் பாதி வெப்பம்.

இதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். பந்தய வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கார் மாதிரி முகப்பில் ரேடியேட்டர் கிடையாது. ரப்பர் பட்டை சுழலும் கூண்டின் மேற்கூரையிலேயே குளிர்விப்பு நீர் ஓடும் அலுமினியத் தகடுகள் இருக்கும். பட்டை சுழலச் சுழல கீழேயிருந்து பனித்தூளை வாரி அந்தத் தகட்டின்மேல் அடிக்கும். எஞ்சின் குளிர்வது அப்படித்தான். பட்டை உராய்ந்து ஓடும் தண்டவாளத்தின் அடியில் பிளாஸ்டிக் பட்டி ஒன்று உண்டு. அதற்கும் அதே பனிதான் எண்ணெய். கெட்டிப் பனிக்கட்டிமேல், தூள் இல்லாத இடத்தில், சில நிமிடம் ஓட்டினால் வெப்பமானி ஏறும், பிளாஸ்டிக் உருகிப் பட்டையோடு ஒட்டும். அதனால் தண்டவாளத்தில் வளைந்த கம்பி ஒன்றைப் பொருத்துவார்கள். அது ஐஸைப் பிறாண்டித் தூள் கிளப்பித் தரும். பேரே ஸ்க்ராட்சர், பிறாண்டி. பனி என்பது இந்த வண்டிக்குச் சாலை மட்டுமல்ல, தண்ணீரும் எண்ணெயும் அதுவே. பனி குறைந்தால் விற்பனை குறையும் என்பது அப்புறம். அதற்கு முன் வண்டியே ஓடாது.

அடுத்தது கிளட்ச். கியர் பெட்டி கிடையாது. நம் ஊர் ஆக்டிவாவில் இருக்கிற அதே தத்துவம்: இரண்டு கப்பி, நடுவில் ஒரு பெல்ட். எஞ்சின் சுற்றச் சுற்ற முன்கப்பிக்குள் இருக்கும் எடைத் துண்டுகள் வெளியே தள்ளி பெல்ட்டை மேலேற்றும். அந்த எடைத் துண்டில் சில கிராம் கூடினாலும் குறைந்தாலும் எஞ்சின் தன் முழுச் சக்தி தரும் சுழற்சியை எட்டாது, அல்லது அதைத் தாண்டிப்போகும். கடல் மட்டத்துக்குப் பக்கத்தில் சரியாக வைத்த வண்டியை 6,600 அடி உயரத்தில் இருக்கும் வெஸ்ட் யெல்லோஸ்டோனுக்குக் கொண்டுபோனால் காற்று மெலிந்து, சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். எடைத் துண்டை மாற்றாமல் ஓட்டினால் நல்ல வண்டிகூடச் சவலையாகத் தெரியும். புது மாடலை ஓட்டிப் பார்த்துவிட்டு 'சரியாக இழுக்கவில்லை' என்று யாராவது எழுதினால், எந்த உயரத்தில், என்ன எடையில் ஓட்டினார் என்று கேட்காமல் நம்பக் கூடாது. இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், பாதி விமர்சனங்கள் இந்தத் தகவலைத் தருவதே இல்லை.

இந்த நுணுக்கங்களெல்லாம் ஆய்வுக்கூடத்தில் முழுதாகப் பிடிபடாது. ஒரே நாளில் நூறு மைல் குலுங்கினால்தான் எந்தத் தையல் விடும் என்று தெரியும். 1966-ல் வினிப்பெக்கிலிருந்து செயின்ட் பால் வரை 500 மைல் பந்தயம் தொடங்கியபோது அதுதான் நடந்தது. நெடுஞ்சாலையோரப் பள்ளங்களில், உறைந்த ஆறுகளில் ஓட்டிப் போகும் பந்தயம். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே விஸ்கான்சின் மாநிலத்தின் ஈகிள் ரிவரில் வட்டப் பாதைப் பந்தயம் ஆரம்பமாகியிருந்தது. பின்னாளில் ஃபார்முலா 1-ல் ஃபெராரி ஓட்டிய கில்ஸ் வில்நெவ் 1974-ல் அங்கே உலகப் பட்டம் வென்றவர். முன்னால் போகும் வண்டி கிளப்பும் பனிமூட்டத்தில் எதுவும் தெரியாமல் ஓட்டிப் பழகியதால்தான் மழையில் கார் ஓட்ட எனக்குப் பயமே இல்லை என்ற பொருளில் அவர் சொன்னதுண்டு.

பந்தயத்தில் பிறந்து கடைக்கு வந்த மாற்றங்களில் பெரியது முன்பக்கச் சஸ்பென்ஷன். 1970களில் ஸ்கீக்கு மேலே, மாட்டு வண்டிக்கு வில் வைத்தது போல, தகட்டு வில்தான் இருந்தது. ஒரு ஸ்கீ மேட்டில் ஏறினால் வண்டியே சாயும். இரண்டு ஸ்கீயும் தனித்தனியாக ஏறி இறங்கும் அமைப்போடு பொலாரிஸ் ஆர்எக்ஸ்எல் 1977 வாக்கில் பந்தயத்தில் புகுந்தபோது மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதே அமைப்பு 1980 மாடல் இண்டியில் சாதாரண வாடிக்கையாளருக்குக் கிடைத்தது. பந்தயத்திலிருந்து கடைக்கு மூன்று பனிக்காலம். அந்த நேரத்தில் பொலாரிஸின் உரிமையாளர் யார் தெரியுமா? 1968-லேயே அதை வாங்கியிருந்த டெக்ஸ்ட்ரான். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தீஃப் ரிவர் ஃபால்ஸ்காரர்களின் வழி கொஞ்சம் வேறு. அங்கே பொறியாளரும் பந்தயக்காரரும் அடிக்கடி ஒரே ஆளாக இருந்தார்கள். ரோஜர் ஸ்கைம் 1960களின் தொடக்கத்தில் வேலைக்குச் சேர்ந்து, பந்தயம் ஓட்டி, வண்டி வடிவமைத்து, அரை நூற்றாண்டுக்கு மேல் அங்கேயே இருந்தார். கர்க் ஹிபர்ட் நெடுந்தூரப் பந்தயங்களில் வென்றுகொண்டே ஆலையில் வண்டியை மேம்படுத்தும் வேலையும் பார்த்தார். அவருடைய மகன் டக்கர் ஹிபர்ட் 2000-ல் 15 வயதில் எக்ஸ் கேம்ஸ் என்ற சாகச விளையாட்டுப் போட்டியில் ஸ்னோகிராஸ் தங்கம் வாங்கினார். மோட்டோகிராஸ் மாதிரி மேடு தாவிப் பறக்கும் பந்தயம் அது. 2007 முதல் 2015 வரை தொடர்ந்து ஒன்பது தங்கம், மொத்தம் பத்து. எல்லாம் ஆர்க்டிக் கேட் பச்சை வண்டியில். 2018-ல் ஓய்வு பெற்றார். ஒரே விளையாட்டில் ஒரே கம்பெனிக்கு இதைவிட நல்ல விளம்பரம் அமைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஓட்டிப் பார்க்க முடியாத வண்டி

இப்போது வியாபாரத்துக்கு வருவோம். கார் வாங்கப் போனால் ஷோரூமில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கிறோம். பனிவண்டியில் அந்த வசதி அநேகமாகக் கிடையாது.

அடுத்த பனிக்காலத்துக்கான மாடல்கள் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வெளியாகின்றன. பத்திரிகையாளர்களும் விற்பனையாளர்களும் வெஸ்ட் யெல்லோஸ்டோன் மாதிரி பனி நிற்கும் உயரங்களில் அவற்றை ஓட்டிப் பார்க்கிறார்கள். சமவெளியில் அதற்குள் பனி உருகத் தொடங்கியிருக்கும். வாடிக்கையாளர் மார்ச், ஏப்ரலில் முன்பணம் கட்டுகிறார். ஸ்பிரிங் ஆர்டர் என்று இதற்குப் பெயர். விருப்பமான நிறம், பட்டையின் நீளம், சிறப்பு ஷாக் அப்சார்பர் எல்லாம் இப்படி முன்கூட்டிச் சொல்பவர்களுக்குத்தான் முழுசாகக் கிடைக்கும். கோடையிலும் இலையுதிர் காலத்திலும் ஆலை ஓடும். வண்டி கைக்கு வருவது அக்டோபருக்குப் பிறகு. பணத்தைக் கட்டிவிட்டு ஏழெட்டு மாதம் கழித்துத்தான் தன் வண்டியில் முதன்முதலாக உட்காருகிறார் மனிதர்.

பந்தயத்தின் உண்மையான பொருளாதாரப் பயன் இங்கேதான் இருக்கிறது. வாங்குபவரால் ஓட்டிப் பார்க்க முடியாத வண்டியை அவருக்குப் பதிலாக ஓட்டிப் பார்ப்பவர் பந்தய வீரர். ஸ்னோகிராஸ் விதிகளும் இதற்குத் தோதாக இருக்கின்றன: முக்கியப் பிரிவில் ஓடும் 600 சிசி வண்டி, தொழிற்சாலை செய்து விற்கும் வண்டியின் அடிப்படையில் அமைய வேண்டும். அதனால் ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பந்தய மாடலைக் குறைந்த எண்ணிக்கையில் செய்து விற்கிறது. பெரும்பாலும் வாரன்ட்டி இல்லாமல். அதை வாங்குகிறவர்கள் சில நூறு பேராக இருக்கலாம். அதைப் பார்த்து சாதா மாடலை வாங்குகிறவர்கள்தான் ஆலையை நடத்துகிறார்கள்.

இந்த ஆர்வம் பனி இல்லாத மாதங்களிலும் அணையாமல் இருக்க ஏற்பாடு உண்டு. மின்னசோட்டாவின் நார்த் பிராஞ்ச் ஊரில் செப்டம்பரில் 'ஹே டேஸ்' என்று ஒரு திருவிழா. ஸ்னோ பேரன்ஸ் என்ற கிளப் 1967-லிருந்து நடத்துகிறது. பனிவண்டிகளைப் புல்தரையில் நேர்கோட்டில் ஓட்டி டிராக் ரேஸ்! புல்லும் மண்ணும் பறக்கும். கேட்டால் பைத்தியக்காரத்தனம் மாதிரி இருக்கும். பசித்தவன் அடுப்படியைச் சுற்றிச் சுற்றி வருவது போலத்தான் இதுவும்.

சிக்கல் விற்பனையாளர் பக்கம். அவர் முன்பதிவு வண்டிகளோடு, கடையில் நிறுத்தவும் கடன் வாங்கிச் சரக்கு எடுக்கிறார். பனி விழுந்தால் டிசம்பரில் எல்லாம் போய்விடும். விழாவிட்டால் வண்டி நிற்கும், வட்டி ஓடும். அடுத்த மார்ச்சில் புது மாடல் வரும்போது பழைய மாடல் பிளாஸ்டிக் உறையோடு கொட்டகையில் கிடக்கும். அவர் புதிதாக ஆர்டர் போடுவாரா?

இரண்டு விழுதல்கள்

1971-ல் வட அமெரிக்காவில் ஏறக்குறைய 5 லட்சம் பனிவண்டிகள் விற்றன. செய்த கம்பெனிகள் நூற்றுக்கும் மேல். பிறகு எண்ணெய் நெருக்கடி வந்தது, பத்து ஆண்டில் கைவிரலில் எண்ணும் அளவுக்குச் சுருங்கியது. ஆர்க்டிக் கேட் அதில் தாக்குப்பிடித்த பெரிய கை. ஆனால் 1970களின் முடிவில் பனி குறைந்த காலங்கள் அடுத்தடுத்து வந்தன. 1980 டிசம்பரில் அமெரிக்க வங்கிகளின் அடிப்படை வட்டி 21 சதவீதத்தைத் தாண்டியது. கொட்டகையில் நிற்கும் வண்டிக்கு 21 சதவீத வட்டி என்றால் எந்தக் கடைக்காரர் தாங்குவார்? நிறுவனம் படகுத் தொழில் என்று வேறு பக்கமும் கையை நீட்டியிருந்தது. 1981-ல் திவால் மனு, அடுத்து கதவடைப்பு. 1983-ல் பழைய ஊழியர்கள் சிலர் ஆர்க்ட்கோ என்ற பெயரில், குறைந்த மாடல், குறைந்த எண்ணிக்கை என்று அடக்கி வாசித்து மீண்டும் தொடங்கினார்கள், அது பிழைத்தது.

அதே 1981-ல் டெக்ஸ்ட்ரான் தன்னிடம் இருந்த பொலாரிஸைக் கைகழுவியது. வாங்கியவர்கள் அங்கே வேலை பார்த்த நிர்வாகிகள். அந்த பொலாரிஸ் 2023-ல் சுமார் 890 கோடி டாலர் விற்பனை செய்யும் நிறுவனமாக வளர்ந்தது; அதில் பெரும்பகுதி பனிவண்டி அல்ல, கரடுமுரடு நிலத்தில் ஓடும் நான்கு சக்கர வண்டிகள். விட்டதைப் பிடிக்க நினைத்தார்களோ என்னவோ, டெக்ஸ்ட்ரான் 2017-ல் சுமார் 24.7 கோடி டாலர் கொடுத்து ஆர்க்டிக் கேட்டை வாங்கியது. 36 ஆண்டு கழித்து, அடுத்த ஊர்க் கடையை.

2023 ஜூனில் முதல் அடி. பனிவண்டித் தொழிலிலிருந்து விலகுவதாக யமஹா அறிவித்தது. வட அமெரிக்காவில் 2025 மாடலோடு சரி. வெளியாட்களுக்கு இது போட்டியாளர் ஒழிந்த செய்தி. உள்ளே நிலைமை வேறு: சில ஆண்டுகளாக யமஹாவின் பல வண்டிகள் தயாரானதே தீஃப் ரிவர் ஃபால்ஸ் ஆலையில். ஆர்க்டிக் கேட்டின் வேகமான தண்டர்கேட்டில் இருந்த டர்போ எஞ்சினோ யமஹாவுடையது. ஒரே அறிவிப்பில் ஆலை வேலையும் போனது, உச்ச மாடலின் எஞ்சினும் போனது.

அடுத்து 2023-24 பனிக்காலம். அமெரிக்கப் பெருநிலத்தில் பதிவானதிலேயே வெப்பமான பனிக்காலம் அது. மின்னசோட்டாவில் ஜனவரியில் புல் தெரிந்தது. கேட்டலிஸ்ட் வாடிக்கையாளர் கைக்கு வந்த முதல் பருவம் அதுவாகப் போயிற்று. ஸ்பிரிங் ஆர்டரில் ஆசையாக வாங்கியவர்களில் பலர் வண்டியை டிரெய்லரிலிருந்து இறக்கவே வழியில்லை. கடையில் நின்றவை நின்றபடி.

இங்கே வானத்தை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கேட்டலிஸ்ட் அடிச்சட்டத்தில் முதலில் வந்தது 600 எஞ்சின் மட்டுமே. மலைப்பனியில் ஓட்டுகிறவர்களும் வேகப் பிரியர்களும் 800 ரகத்தை எதிர்பார்ப்பவர்கள். அதற்கான 858 எஞ்சின் அந்தச் சட்டத்தில் ஏறியது 2025 மாடலில். விவரம் தெரிந்த வாடிக்கையாளர் என்ன செய்வார்? ஒரு வருடம் பொறுப்போம் என்று இருந்துவிடுவார். பந்தயப் பிரிவு 600 என்பதால் பந்தயக் கணக்குக்கு அது சரியான வரிசை. கடைக் கணக்குக்குத் தப்பான வரிசை. 858 வந்து சேர்ந்தபோது விற்பனையாளர்களிடம் முந்தைய ஆண்டுச் சரக்கு தேங்கிக் கிடந்தது, மத்திய வங்கி வட்டி 5 சதவீதத்துக்கு மேல் ஒரு வருடத்துக்கும் அதிகமாக நின்று அப்போதுதான் இறங்கத் தொடங்கியிருந்தது. 21 அளவுக்கு இல்லைதான். ஆனால் ஒன்றரை சதவீதம் பழகியவர்களுக்கு ஐந்தும் கசக்கும். பொலாரிஸும் ஸ்கீ-டூ தயாரிக்கும் பிஆர்பியும் அதே வெயிலில்தான் நின்றன. அவர்களுக்குப் பனியில்லாத மாதத்திலும் விற்கும் வண்டிகள் வலுவாக இருந்தன. ஆர்க்டிக் கேட்டுக்கு அந்தப் பக்கம் எப்போதுமே பலவீனம்.

2025 ஏப்ரலில் டெக்ஸ்ட்ரான் விற்பனையை அறிவித்தது. வாங்கிய குழுவுக்குத் தலைமை பிராட் டார்லிங். கனடாவின் ஆர்கோ வண்டி நிறுவனத்தை அப்போது நடத்திவந்தவர், முன்பு ஆர்க்டிக் கேட்டிலேயே வேலை பார்த்தவர். 1981-ல் பொலாரிஸ், 2025-ல் ஆர்க்டிக் கேட்: இரண்டு முறையும் டெக்ஸ்ட்ரானிடமிருந்து வாங்கியவர்கள் தொழிலை உள்ளேயிருந்து பார்த்தவர்கள். கைமாறியது ஏப்ரல் மாதம். சமவெளியில் பனி உருகி முடிந்து, ஸ்பிரிங் ஆர்டர் காலமும் போயிருந்தது.